நீரும் கோவிலும் நிறைந்த பாலித் தீவு

சாவகத் தீவின் கிழக்கு முனையிலிருந்து குறுகியதொரு நீரிணையைக் கடந்தால் பாலித் தீவு. பரப்பளவு ஏறக்குறைய 5,780 சதுர கிலோமீட்டர். நில நடுக்கோட்டிற்குத் தெற்கே எட்டுப் பாகையில் கிடக்கும் வெப்பமண்டலத் தீவு அது. உலகிலேயே இசுலாமிய மக்கள் மிகுதியாக வாழும் நாடு இந்தோனேசியா. அந்நாட்டின் ஒரு மாநிலமாகிய பாலியிலோ நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் இந்துக்கள். கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர் அளவில் தேறுவர். ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குடும்பக் கோவில், ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது மூன்று பொதுக் கோவில்கள், மலைக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று, கடற்பாறைக்கு ஒன்று என்று எங்கு நோக்கினும் கோவில்களே.

அண்மைக் காலத்தில் நம் பங்குகளிலிருந்தும் பலர் அத்தீவுக்குச் சென்று வருகின்றனர். புதுமணத் தம்பதியர் செல்கின்றனர். திருமண வெள்ளிவிழாக் கொண்டாடுவோரும் செல்கின்றனர். அவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்க்கும் வீட்டுப் பெரியவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. "சாமி, அந்தக் கோவில்களுக்குள்ளே நம்மவர்கள் போகலாமா? அவர்கள் தெளிக்கும் தண்ணீரை வாங்கிக்கொள்ளலாமா?" உடன்பணியாளரான குருக்கள் இருவரோடு அத்தீவைப் பத்து நாள்கள் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு நமக்கும் கிட்டியது. ஆதலின் இக்கேள்விகளைப் புறந்தள்ளாமல், கண்டவற்றோடு சேர்த்தே எழுதுகிறோம்.

தமிழ்நாட்டுக் கோவில்களைக் கண்டு பழகிய கண்ணுக்குப் பாலியின் கோவில் முதலில் ஏமாற்றமே தரும். அங்கே இதற்குப் பூரா என்று பெயர். வானளாவும் கோபுரமில்லை, இருண்ட கருவறையில்லை, தூண்கள் நிறைந்த மண்டபங்களுமில்லை. மதில் சூழ்ந்த திறந்தவெளி முற்றங்கள் மூன்று, ஒன்றைக் கடந்து ஒன்றாக அமைந்திருக்கின்றன. வெளி முற்றத்தின் வாயில், ஒரு கோபுரத்தை உச்சி முதல் அடி வரை நடுவே பிளந்து இரு பாதிகளையும் சற்றே விலக்கி நிறுத்தியது போன்ற வடிவம். உள் முற்றத்தில் மேரு எனப்படும் மரக் கட்டடங்கள் உயர்ந்து நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அவற்றின் கூரைகள், ஒருவகைப் பனையின் கருநிற நாரினால் வேய்ந்தவை. அடுக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை, மிகுதியாகப் பதினொன்று.

அங்கே நிலையாகக் குடிகொண்ட திருவுருவத்தைத் தேடுபவர் பெரும்பாலும் காணமாட்டார். கோவிலின் ஆண்டுவிழாவன்று தெய்வங்கள் இறங்கி வருவதாகவும், விழா முடிந்ததும் திரும்பிச் செல்வதாகவும் அம்மக்கள் நம்புகின்றனர். அவர்களுடைய சடங்குக் கணக்கில் ஆண்டு என்பது 210 நாள்கள். உள் முற்றத்தின் மலைப்பக்க மூலையில் உயர்ந்த கல் நாற்காலி ஒன்று இருக்கும். பத்மாசனம் என்பது அதன் பெயர். பரம்பொருளாகிய சங் ஹியாங் விதிக்கு உரிய இருக்கை அது, வெறுமையாகவே இருக்கிறது. அந்த வெற்றிருக்கையின் முன் நின்றபோது, ஏதேன்ஸ் நகரில் அறியாத தெய்வத்தின் பீடத்தைக் கண்ட புனித பவுல் அடிகளாரை எண்ணாதிருக்க இயலவில்லை. அவர் அப்பீடத்தைப் பழித்துப் பேசவில்லை என்பதை அப்போஸ்தலர் பணிகளை வாசித்தோர் அறிவர்.

கோவிலுக்குள் செல்வோர் ஆணாயினும் பெண்ணாயினும் இடுப்பில் சாரமும் அதன்மேல் கச்சையும் கட்டவேண்டும். வாயிலிலேயே வாடகைக்குத் தருவார்கள். நம் ஊர் ஆண்களுக்கு இதில் சிரமமேதும் இராது. வேட்டி கட்டிச் செல்பவரைக் கண்டால் அங்குள்ளோர் மகிழ்கின்றனர்! வழிபாடு நிகழும்போது உள் முற்றம் வழிபடுவோர்க்கு மட்டுமே உரியது. வெளியார் எதுவரை வரலாம் என்பதற்குப் பலகை இருக்கும். அப்பலகையை மதியாமல் மதிலின்மேல் ஏறிப் படம் பிடிக்கும் வெளிநாட்டவரையும் கண்டோம்.

முதலில் தானா லோட். கடலோரத்தில் அலைகள் அரித்துத் தனித்து விட்ட பாறையொன்றின் தலையில் அமைந்த சிறு கோவில். பதினாறாம் நூற்றாண்டில் சாவகத்திலிருந்து வந்த நிரார்த்தர் என்னும் துறவியே இதற்கு அடிகோலினார் என்பது மரபு. கடல் ஏறும்போது தீவாகிவிடும். வற்றும்போது நடந்து செல்லலாம். ஆயினும் மேலே ஏற வெளியார்க்கு உரிமையில்லை. மாலைக் கதிரவன் அப்பாறைக்குப் பின்னே இறங்கும் காட்சிக்காக ஆயிரக்கணக்கானோர் கரையில் காத்திருக்கின்றனர். 1980-களில் பாறை இடிந்துவிழும் நிலைக்கு வந்ததால், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு அது செப்பனிடப்பட்டது. இன்று நாம் காணும் பாறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மனிதர் செய்த செயற்கைப் பாறை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அத்துணை இயற்கையாக இருக்கிறது.

அப்பாறையின் அடியில், உப்பு நீர் சூழ்ந்த இடத்தில், நன்னீர் ஊற்று ஒன்று சுரக்கிறது. வெள்ளாடை உடுத்திய பூசாரிகள் வருவோர் தலையில் அந்நீரைத் தெளித்து, நெற்றியில் அரிசி ஒட்டி அனுப்புகின்றனர். வரிசையில் நின்றோருள் பெரும்பாலோர் அவர்களுடைய சமயத்தார் அல்லர். நாம் கைகூப்பி வணங்கி ஒதுங்கி நின்றோம். பூசாரியும் புன்முறுவலோடு தலையசைத்து அடுத்தவரை அழைத்தார். பெரியவர்களின் இரண்டாம் கேள்விக்குரிய விடையின் ஒரு பாதி இது. மறு பாதியைப் பின்னர்ச் சொல்வோம்.

தென்மேற்கு முனையில் ஊளுவாத்து. ஏறக்குறைய எழுபது மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறையின் விளிம்பில் அமைந்த கோவில். காட்சி நன்று, குரங்குகள் தீயன. மூக்குக்கண்ணாடியைப் பறித்து, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. மாலையில் அங்கே ஆடப்படும் கெச்சாக் என்னும் இராமாயணக் கூத்தைத் தொன்மையானது என்று பலரும் எண்ணுகின்றனர். பழைய சடங்கொன்றின் ஆண்கள் பாடற்குழுவை எடுத்து, 1930-களில் செருமானிய ஓவியர் வால்ட்டர் ஸ்பீசும் பாலிக் கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய வடிவமே இன்று அங்கு ஆடப்படுவது.

அகுங் மலைச் சரிவிலுள்ள பெசாக்கி, பாலிக் கோவில்களுக்கெல்லாம் தாய்க்கோவில். இருபதுக்கும் மேற்பட்ட கோவில்கள் படிப்படியாக மலையேறிச் செல்கின்றன. 1963-ஆம் ஆண்டு, நூற்றாண்டுக்கு ஒருமுறை என்று கருதப்படும் மாபெரும் வேள்வி அங்கே நடந்துகொண்டிருந்தபோதே எரிமலை வெடித்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். தீக்குழம்பு கோவிலுக்கு அண்மையில் ஓடியும் கோவிலைத் தீண்டாமல் விலகிச் சென்றது. சடங்கு காலம் தவறி நடந்ததால் தெய்வம் சினந்தது என்று சிலரும், கோவிலைக் காத்தது தெய்வ அருளே என்று சிலரும் அங்கே சொல்கின்றனர். 1979-இல் அவ்வேள்வி மீண்டும் செய்யப்பட்டது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மரைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை அறிந்த நமக்கு, மாண்டோரைக் கணக்கில் வைத்துத் தெய்வச் சினத்தை அளக்கும் துணிவு வரலாகாது. நம் நாட்டில் ஆழிப்பேரலை வந்த 2004-ஆம் ஆண்டிலும் அத்தகைய பேச்சுகள் எழுந்தன அன்றோ!

கிழக்கே லெம்புயாங் மலைக்கோவில். அங்குள்ள பிளந்த வாயிலின் நடுவே அகுங் எரிமலை தெரியும். அவ்வாயிலும் அதில் நிற்கும் மனிதரும் தெளிந்த ஏரி நீரில் தலைகீழாகத் தோன்றும் படத்தை நீங்கள் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏரி இல்லை! கல் பாவிய தரைதான். படம் எடுத்துக் கொடுப்பவர் கைப்பேசியின் கண்ணுக்குக் கீழே சிறு கண்ணாடித் துண்டொன்றைப் பிடிக்கிறார். அதில் விழும் நிழலே ஏரி. அந்த ஒரு படத்திற்காக எண் சீட்டு வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்போரின் கூட்டம் பெரிது. பின்னால் படிக்கட்டு ஏறிச் செல்கிறது. உச்சிக் கோவில் வரை ஏறத்தாழ 1,700 படிகள். அதில் ஏறிச் செல்வோர், தலையில் காணிக்கைக் கூடை சுமந்த அவ்வூர்ப் பெண்கள். அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. நமக்கு அந்தக் கண்ணாடித் துண்டின்மீது சினமே வந்தது. இல்லாத நீரைக் காட்டுவதற்காக மட்டும் அன்று. அத்தீவின் கோவில்களுக்கும் உண்மையான நீருக்கும் உள்ள உறவை அறிந்த பின்னர், அது கேலியாகவே தோன்றியது.

அவ்வுறவை இனிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

நடுமலைப் பகுதியில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில், பிராத்தான் ஏரி இருக்கிறது. அதன் கரையோரத் திட்டில் நிற்கும் பதினொரு அடுக்கு மேருவை இந்தோனேசியாவின் ஐம்பதாயிரம் உருப்பியா பணத்தாளிலும் அச்சிட்டிருந்தனர். பனி மூடிய காலை வேளையில் அது நீரில் மிதப்பதுபோல் தோன்றும். இங்கே நிழல் விழுவது மெய்யான நீரில். ஏரித் தெய்வத்திற்குரிய அக்கோவில் 1633-இல் எழுந்தது என்பர். இது போன்ற இன்னொரு பெருங்கோவில் பாத்தூர் எரிமலை ஏரியைச் சார்ந்தது. இவ்வெரிமலை ஏரிகளினின்று ஆறுகள் நேரே புறப்படுவதில்லை. மழைநீர் மலை மண்ணுள் இறங்கி, கீழே சரிவுகளில் ஊற்றுகளாக வெளிப்பட்டு, ஆழமான ஓடைகளில் ஓடுகிறது. அந்நீரைச் சுரங்கக் கால்வாய்கள் வழியாகத் திருப்பி, படிப்படியான வயல்களுக்குப் பாய்ச்சி நெல் விளைவிக்கின்றனர்.

ஒரு கால்வாயில் நீர் பெறும் உழவர்கள் அனைவரும் சேர்ந்தது ஒரு சுபாக். இத்தகைய சங்கங்கள் தீவில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. ஆயிரமாண்டுகளுக்கு மேற்பட்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு சுபாக்குக்கும் ஒரு கோவில். பல சுபாக்குகள் சேரும் மதகில் அதனினும் பெரியதொரு கோவில். எல்லாவற்றுக்கும் மேலே ஏரிக்கோவில். எந்த வயலுக்கு எப்போது நீர், எந்தச் சரிவு எப்போது நாற்று நடுவது, எது எப்போது தரிசாகக் கிடப்பது என்பவையெல்லாம் இக்கோவில்களில் கூடி முடிவாகின்றன. நீரைப் பிரிக்கும் கருவி யாதெனில், கால்வாய்க்குக் குறுக்கே கிடத்திய ஒரு மரக்கட்டை. பங்குக்கு ஏற்ற அகலத்தில் அதில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அவ்வளவே. நம் ஊரில் முறைப்பாசனமும் நீர்க்கட்டியும் அறிந்த உழவர் எவரும் ஒரு நொடியில் விளங்கிக்கொள்வர்.

மேல்மடைக்காரன் கீழ்மடைக்காரனுக்கு ஏன் நீர் விடவேண்டும்? தஞ்சைப் பக்கத்தில் இக்கேள்வியின் பெயரால் மண்டை உடைந்ததுண்டு. பாலியில் இதற்கு விடை பூச்சியிடம் இருக்கிறது. அருகருகே உள்ள வயல்கள் வெவ்வேறு காலத்தில் விளைந்தால், ஒன்றில் அறுவடை முடிந்ததும் பூச்சிகள் அடுத்த வயலுக்குத் தாவும். சரிவு முழுவதும் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, ஒரே காலத்தில் நீர் நிரப்பித் தரிசாக விட்டால் பூச்சிக்கு உணவில்லை. ஆகையால் கீழ்மடைக்காரனுக்கும் அதே காலத்தில் நீர் கிடைப்பது மேல்மடைக்காரனுக்கே நன்மை. கோவில் நாட்காட்டி இதைத்தான் ஒழுங்கு செய்கிறது.

1970-களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. அடிக்கடி நடுக, இயன்றபோதெல்லாம் நடுக என்று அரசு உழவர்களுக்குச் சொல்லிற்று. கோவில் முறை பழைய மூடப்பழக்கமாகக் கருதப்பட்டது. சில ஆண்டுகளில் புகையான் பூச்சி பெருகி வயல்கள் கருகின. நீருக்கும் முட்டுப்பாடு வந்தது. அமெரிக்க மானிடவியலார் ஸ்டீவன் லான்சிங், சூழலியலார் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து, இக்கோவில் முறையைக் கணிப்பொறியில் இட்டு ஆராய்ந்தார். பூசாரிகளும் உழவர்களும் பின்பற்றிய முறையே மிகுந்த விளைச்சல் தருவதென அந்தக் கணக்கு காட்டிற்று. பின்னர் அரசும் தன் பிடியைத் தளர்த்தியது. 2012-இல் யுனெஸ்கோ நிறுவனம் சுபாக் நிலக்காட்சியை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. இதற்கிடையே நெல்வயல்கள் விடுதிகளாக மாறிவருகின்றன என்பதையும் சொல்லாமல் விடலாகாது. படிவயலைப் பார்ப்பதற்காகக் கட்டிய விடுதி, அப்படிவயலின் நீரையே குடித்துவிடுகிறது.

இவ்வளவும் அறிந்த பின்னர் தீர்த்த எம்புலுக்குச் சென்றோம். பத்தாம் நூற்றாண்டில் அமைந்த ஊற்றுக்கோவில். மணலைப் புரட்டிக்கொண்டு பொங்கும் ஊற்றின் நீர், வரிசையாக அமைந்த கல் தூம்புகளின் வழியே குளத்தில் விழுந்து, அப்பால் வயல்களுக்குச் செல்கிறது. மக்கள் இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொரு தூம்பின் கீழும் தலை தாழ்த்தி மன்றாடுகின்றனர். அவற்றுள் இரண்டு தூம்புகள் இறந்தோர்க்கான சடங்குகளுக்கு உரியவை. அவற்றை விட்டு நகர்கின்றனர். பாலிச் சமயத்தையே முன்னர்த் தீர்த்தச் சமயம் என்று அழைத்ததுண்டு. தீர்த்தம் என்னும் சொல்லைக் கேட்டதும், நம் கோவில் வாயிலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை வரைந்துகொள்ளும் நம் பாட்டிமார் நினைவுக்கு வந்தனர்.

அங்கே சுற்றுலாவினரும் வாடகை ஆடை கட்டிக்கொண்டு குளத்தில் இறங்குகின்றனர். எம்முடன் வந்த இளங்குரு ஒருவர், "இறங்கினால் என்ன, வெறும் தண்ணீர்தானே?" என்றார். எம் வாகன ஓட்டுநர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்தில் நான்காம் பிள்ளை. அங்கே பிறந்த வரிசைக்கு ஏற்பப் பெயர் இடுவதால், பெயரைக் கேட்டதுமே அது தெரிந்துவிடும். அவர் மெல்லச் சொன்னார்: "ஐயா, வெறும் தண்ணீர் என்றால் விடுதியிலேயே குளிக்கலாம். என் தாய் இங்கே இறங்குவது என் தந்தை இறந்த பிறகு." இளங்குரு தலை கவிழ்ந்தார். எவரும் இறங்கவில்லை.

விடையின் மறு பாதி இதுவே. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தது. இதை நன்கு புரிந்துகொள்ளவேண்டும். மதிப்பது வேறு, அவர்களுடைய மன்றாட்டில் நம்பிக்கையின்றிப் பங்கேற்பது வேறு. நமக்குத் திருமுழுக்கு ஒன்றே. பாவம் கழுவும் நீர் கிறிஸ்துவின் விலாவினின்று நமக்குப் பாய்ந்தது. வேறொரு நீரில் விளையாட்டுக்காக முழுகி எழுபவன் தன் திருமுழுக்கையும் இலேசாக எண்ணுகிறான். அந்த ஓட்டுநரின் தாயுடைய கண்ணீரையும் இலேசாக எண்ணுகிறான். ஆகவே, உள்ளே செல்லலாம். ஆடை விதிகளைக் காத்து, அமைதியாக நின்று, கண்ணாரக் கண்டு வரலாம். தீர்த்தமும் அரிசியும் அவர்களுடைய வழிபாட்டுக்குரியவை. அவற்றைக் கைகூப்பி விலக்கினால் எவரும் வருந்துவதில்லை. பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோர் இதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லி அழைத்துச் செல்லல் நன்று.

கோவிலும் நீரும் ஒன்றாயிருக்கும் ஊரில், கோவிலை விட்டு விலகுகிறவனுக்கு நேர்வது என்ன? இதற்கு விடை தேடி மேற்கே பாலாசாரி சென்றோம். தென்பசாரிலிருந்து மூன்று மணிநேரத்திற்கு மேற்பட்ட பயணம்.

பாலியில் கிறிஸ்தவ மறைபரப்பின் வரலாறு கசப்போடு தொடங்கியது. 1881-இல் புரட்டஸ்டாண்டு மறைபோதகர் ஒருவர் அங்கே கொலையுண்டார். அதன் பின்னர் டச்சு அரசு நெடுங்காலம் மறைபோதகர்களை அனுமதிக்கவில்லை. 1930-களில் கதவு சற்றே திறந்தது. இறைவார்த்தைச் சபைக் குரு யோகான்னஸ் கெர்ஸ்டன் 1935-இல் வந்தார். பாலி மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் செய்தவர் அவர். 1937-இல் துகா என்னும் ஊரில் முதல் கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. மனம் மாறியோரின் இடர்ப்பாடும் அப்போதே தொடங்கிற்று. கோவில் வரி செலுத்த மாட்டேன், கோவில் வேலைக்கு வரமாட்டேன் என்பவனை, நீர்ச் சங்கத்தை விட்டு விலகியவனாகவே ஊர் கண்டது. பாசன நீர் மறுக்கப்பட்டது. ஊர்ச் சுடுகாட்டில் இடம் மறுக்கப்பட்டது. ஊராரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. தொடக்க ஆண்டுகளில் மனம் மாறியோருள் சிலர் தம் வீட்டுக் கோவில்களை இடித்துத் தள்ளியதும் உண்டு. ஆயினும் தாகத்திற்கும் சாவுக்கும் இடமில்லாமற் போனவர்களின் துன்பம் பெரிது.

அரசு அவர்களுக்கு மேற்குக் காட்டைக் காட்டிற்று. 1939-இல் புரட்டஸ்டாண்டுக் குடும்பங்கள் பிளிம்பிங்சாரியிலும், 1940-இல் கத்தோலிக்கக் குடும்பங்கள் பாலாசாரியிலும் குடியேறின. இன்று பூண்டற்றுப்போன பாலிப் புலி கடைசியாகத் திரிந்தது அந்த மேற்குப் பகுதியில்தான். கத்தோலிக்கரை நடத்திச் சென்றவர் சீமோன் பவுய்ஸ் என்னும் டச்சுக் குரு; புளோரஸ் தீவில் திரைப்படமும் எடுத்தவர்! மரம் வெட்டி, வாய்க்கால் வெட்டி, ஊர் கண்டனர். 1950-களில் எழும்பிய இயேசுவின் திரு இருதய ஆலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே ஐரோப்பியக் கூர்வளைவுகள். வெளியே மேருவைப் போல அடுக்கடுக்காக உயரும் கூரைகள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டுத் திருப்பலி நிறைவேற்றினோம். ஆண்கள் தலைப்பாகையும் சாரமுமாக, பெண்கள் கச்சை கட்டியவர்களாக வந்தனர். திருப்பலிக்குப் பின் ஊர்ப் பெரியவர் ஒருவர், பங்குக்குரு மொழிபெயர்க்க, எம்மோடு பேசினார். "ரோமோ, என் பாட்டனார் திருமுழுக்குப் பெற்ற ஆண்டில் முதலில் நின்றது வாய்க்கால் தண்ணீர். அடுத்து அவருடைய தாயார் இறந்தார். எங்கே புதைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள்கள் வைத்திருந்தார்கள்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமில்லை. "கோவிலை விட்டோம், பாலியாக இருப்பதை விடவில்லை. எங்களைக் கண்டு பயந்தவர்களுக்கு அது தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின," என்றும் சொன்னார்.

ஆலயத்திற்கு அண்மையில் தேவதாயின் கெபி உள்ளது. அதற்கு அவர்கள் இட்ட பெயரில் பலிங்கி, கன்னியாக்கா என்னும் சொற்கள் இரண்டு. பலிங்கி என்பது கோவில் முற்றத்தில் தெய்வத்திற்கு அமைக்கும் இருக்கையின் பெயர். கன்னியாக்கா வேறன்று, நம்முடைய கன்னிகையே. மாதா கன்னிகையை அவர்கள் தம் தீவின் சொல்லிலேயே அமர்த்தியிருக்கின்றனர். தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி மதுரையில் மேற்கொண்ட முறைகளுக்கு 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் இசைவு அளிக்கும் வரை எத்தனை வழக்கு நடந்தது! கோவில் என்ற சொல்லையே இரு சமயத்தாரும் ஆளும் தமிழகத்தில் வாழும் நமக்கு, பாலாசாரி புதுமையாகத் தோன்றவில்லை; உறவினர் வீடாகத் தோன்றிற்று.

பண்டிகைக் காலத்தில் அண்டை வீட்டாருக்கு உணவு கொண்டுசெல்லும் வழக்கத்திற்கு அங்கே ங்ஙெஜோட் என்று பெயர். கலுங்கான் திருவிழாவில் இந்துக்கள் கிறிஸ்தவ இல்லங்களுக்கும், நத்தார்த் திருநாளில் கிறிஸ்தவர்கள் இந்து இல்லங்களுக்கும் தட்டுகளைக் கொண்டுசெல்கின்றனர். அதை உண்ணலாமா என்று கேட்போர், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களை அமைதியாக வாசிக்கட்டும். அண்டை வீட்டான் அன்பினால் சமைத்துக் கொண்டுவந்ததைப் படையலோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தண்ணீர் மறுக்கப்பட்ட தீவில் தட்டு கைமாறுகிறது.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஞாயிறு திருப்பலிக்குத் தென்பசாரில் தூய ஆவியார் மறைமாவட்டத் தலைமை ஆலயமும், கடற்கரைப் பகுதியாகிய கூத்தாவில் புனித சவேரியார் ஆலயமும் உண்டு. நூசா துவாவில் பூஜா மண்டலம் என்னும் இடத்தில், மசூதி, கத்தோலிக்க ஆலயம், புத்த விகாரை, புரட்டஸ்டாண்டு ஆலயம், இந்துக் கோவில் ஆகிய ஐந்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஒன்றரை இலட்சம் உருப்பியா வரியாகப் பெறுகின்றனர்.

மார்ச்சு மாதத்தை ஒட்டிச் செல்வோர் நியேப்பி எந்நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பாலியின் சக ஆண்டுப் பிறப்பு அது. பெரும்பாலும் நம் தவக்காலத்திலேயே வரும். அன்று தீவு முழுவதும் விளக்கேற்றுவதில்லை, வேலையில்லை, தெருவில் நடமாட்டமில்லை. விமான நிலையமும் ஒரு நாள் முழுவதும் மூடியிருக்கும். கத்தோலிக்கரும் அன்று வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. சன்னலுக்குத் திரையிட்டு, இருளில் அமர்ந்து செபமாலை சொல்வதாகப் பாலாசாரிப் பெரியவர் கூறினார். அன்றிரவு வான்மீன்கள் வழக்கத்தினும் மிகுதியாகத் தெரியுமாம்.